எட்டும் எட்டும் நாலு

தெய்போருக்கு அன்று ஒரே ஒரு வேலைதான் இருந்தது. வாயைத் திறக்காமல் இருப்பது. முப்பத்தொரு வருட வாழ்க்கையில் அவன் நன்றாகப் பழகி வைத்திருந்த வேலையும் அதுதான். அதனால் சனிக்கிழமை மதியம், ஜயாவ் மேட்டுப் படிக்கட்டுகளில் ஸ்பீக்கர் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது அவனுக்குப் பெரிதாகப் பயம் ஒன்றும் இருக்கவில்லை. மூச்சுதான் வாங்கியது.

மறுமுனையைப் பிடித்திருந்த, அவனுக்காகப் பெண் கேட்கத் தூது வரும் பெரியவர் ஸ்டார்வெல்லுக்கு இன்னும் அதிகமாக வாங்கியது. ஆனாலும் அவர் பேச்சு நிற்கவில்லை.

"ஒன்பது கல்யாணத்துக்குத் தூது போயிருக்கேன்டா. ஒன்பதுக்கும் கைய வீசிக்கிட்டுப் போனேன். பத்தாவதுக்குப் பொணம் தூக்கற மாதிரி தூக்கிட்டுப் போறேன்."

"பெட்டி எடுத்துட்டுப் போலாம்னு நீங்கதான் சொன்னீங்க பாஹ்," என்றான் தெய்போர், பெரிய ஆண்களை அந்த மலையூரில் அழைக்கும் மரியாதைச் சொல்லோடு.

"சொன்னேன். இவ்ளோ கனம்னு நீ சொன்னியா?"

தெய்போர் பிடியை மாற்றிக்கொண்டான். நாலு ஸ்பீக்கர் உள்ள பெட்டி, தேக்குப் பலகை, எல்லாம் அவனே இழைத்து, அவனே ஒயர் இழுத்துச் செய்தது. மழைக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை காற்றில் படபடத்தது. உறை விலகிய இடத்தில், பெட்டியின் முதுகில் அவன் வெள்ளைப் பெயின்டால் எழுதியிருந்த எட்டு தெரிந்தது.

"அது என்ன எட்டு?" என்றார் ஸ்டார்வெல், ஒரு வளைவில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு.

"எட்டு ஓம். ஆம்ப்லேருந்து வர்ற மின்சாரத்தை இந்தப் பெட்டி எவ்ளோ தடுக்குதுங்கற அளவு."

"தடுக்குற பெட்டியையா பரிசாக் குடுக்கப் போறோம்?"

"தடுக்கலேன்னாதான் ஆபத்து."

ஸ்டார்வெல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "உள்ள போனப்புறம் இந்த மாதிரியெல்லாம் எதுவும் சொல்லிடாத. வழக்கம் ஞாபகம் இருக்குல்ல? நீ பேசக் கூடாது. உனக்குப் பதிலா நான் பேசுவேன். அந்தக் காலத்துல மாப்பிள்ளை வரவே மாட்டான். இப்ப வரலாம்னு ஆயிடுச்சு. ஆனா வந்தா, வீட்டு ஜன்னல் மாதிரி இருக்கணும். மூடியிருந்தாலும் அழகா இருக்கணும்."

தெய்போர் தலையை ஆட்டினான். அதில் அவனுக்கு ஒரு சிரமமும் இல்லை.

ரிதாலினைச் சந்தித்ததே பேசாமல்தான். லைதும்க்ராவில் ஒரு ரொட்டிக் கடைக்குக் கீழே, பாதி தரைக்குள் இறங்கிய அறையில் அவன் ஆம்ப்ளிஃபையர்களைப் பழுது பார்க்கிறான். இந்த ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரு கிடாரும் நாலு வீட்டுக்கு ஒரு இசைக்குழுவும் இருப்பதால் அவனுக்கு வேலைக்குக் குறைவில்லை. ரிதாலின் மருத்துவமனை ரத்த வங்கியில் வேலை பார்க்கிறவள். நாலு பெண்கள் சேர்ந்த குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறவள். உறுமிக்கொண்டே இருந்த தன் ஆம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மழை பிடித்துக்கொண்டதால் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்தாள். அவன் கழற்றினான், பார்த்தான், பற்ற வைத்தான். மேலே ரொட்டி வேகும் வாசனை வந்தது. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போகும்போது அவள் கேட்டாள்: "நாளைக்கும் வரலாமா?"

"சரியாயிடுச்சே."

"ஆம்பைச் சொல்லல. எங்க வீட்ல ஒரு மணி நேரம் யாரும் பேசாம இருந்ததே இல்ல. இங்க நல்லா இருக்கு."

அது போன வருடம் மார்ச். இந்த அக்டோபரில், இரண்டு பேரின் குலமும் வேறு வேறுதான் என்று பெரியவர்கள் விசாரித்து உறுதி செய்தாயிற்று. மிச்சம் இருந்தது அவள் வீட்டின் சம்மதம். அவள் கடைக்குட்டிப் பெண். ஆகவே அவர்கள் வழக்கப்படி வீடு அவளுடையது. கல்யாணம் ஆனால் தெய்போர் தன் துணிப் பெட்டியோடு இந்தப் படிக்கட்டு ஏறி அங்கேதான் வாழ வர வேண்டும். யார் அந்த வீட்டுக்குள் வரலாம் என்பதை அவளுடைய அம்மாவின் தம்பி முடிவு செய்வார்.

"மாமா சரின்னா மெய்யும் சரிம்பா," என்று ரிதாலின் முந்தாநாள் தன் அம்மாவைப் பற்றிச் சொல்லியிருந்தாள். "மாமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லிடுவா. எங்க வீட்ல அடுத்த வருஷம்னா அது காலண்டர்லயே கெடையாது."

"அவருக்கு என்னைப் பத்தி என்ன?"

"பேச மாட்டேங்கறான்னு சந்தேகம். பேசாதவன் ஒண்ணு ஞானியா இருக்கணும், இல்லேன்னா எதையோ மறைக்கணும். நம்ம ஊர்ல ஞானிங்க கம்மின்னு சொல்றாரு."

இந்தக் கவலையைக் கேட்ட ஸ்டார்வெல்தான் பெட்டி யோசனையைச் சொன்னார். மாமாவிடம் கண்ணாடிக் குழல் வால்வுகள் வைத்த பழைய ஆம்ப் ஒன்று இருக்கிறது. அதன் மேல் அவருக்கு உயிர். ஆகவே அவன் கையால் செய்த ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைக் கொண்டுபோனால், அவன் பேசாததைப் பெட்டி பேசும். தெய்போருக்கும் அது சரியாகவே பட்டது. மாமா தன் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு இதை மாட்டிப் பார்ப்பார், பிடித்தால் வைத்துக்கொள்வார் என்று நினைத்தான். அவ்வளவுதான் நினைத்தான்.

கதவைத் திறந்தது ரிதாலினின் அம்மா பிலிந்தா; அக்கா என்ற மரியாதையில் எல்லோருக்கும் காங் பிலிந்தா. குட்டையான, உருண்டையான பெண்மணி. கட்டம் போட்ட மேல்துணி, கன்னத்துக்குள் பாக்கு.

"ஐயோ, ஈரம்! உள்ள வாங்க, உள்ள வாங்க. இது என்ன, பீரோவா?"

"பீரோ இல்ல காங்," என்றார் ஸ்டார்வெல், ஒரு நொடியில் குரலை மாற்றிக்கொண்டு. "எங்க குடும்பத்தோட குரல்."

"குரலுக்கு நாலு பேர் வேணும் போலிருக்கே, தூக்க."

முன்னறையில் கணப்பு எரிந்தது. சுவரோரம் ஒரு பழைய சோபா, அதன் எதிரே அந்த ஆம்ப். அது ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. மேலே பின்னல் துணி விரித்து, அதன் மேல் பிளாஸ்டிக் பூக்கள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் மடியில் கிடாரோடு ரிதாலினின் மாமா, பாஹ் பிரெம்லி. ஒல்லியாக, நீளமாக, மூக்கு நுனியில் கண்ணாடி. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தூங்குவதும் சாப்பிடுவதும் மவ்ப்ரெமில், மனைவி வீட்டில். ஆனால் ஆம்ப் இருப்பது அக்கா வீட்டில். மனைவி வீடு மனைவியுடையது. அங்கே அவர் சத்தம் போட முடியாது. அக்கா வீடு அவர் பிறந்த வீடு. இங்கே கூரை பிய்ந்தாலும் யாரும் கேட்க முடியாது.

வெற்றிலை பாக்கு வந்தது. சிவப்புத் தேநீர் வந்தது. அதைக் கொண்டுவந்த ரிதாலின், தெய்போர் பக்கமே பார்க்காமல் அவன் கோப்பையை மட்டும் விளிம்பு வரை நிரப்பிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அரிசி ஆப்பம் சுடும் சத்தம் அங்கிருந்து கேட்டது.

ஸ்டார்வெல் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். மலையிலிருந்து ஆரம்பித்தார், மலையிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து இரண்டு ஓடைகள், அவை சேரும் இடம். பாஹ் பிரெம்லி கேட்டுக்கொண்டிருந்தார். ஓடைகள் சேர்ந்து ஆறாவதற்குள் கையைத் தூக்கினார்.

"பையன் பேசுவானா?"

"வழக்கப்படி இன்னிக்கு அவன்..."

"இன்னிக்கு இல்ல. பொதுவா."

"தேவைப்பட்டா பேசுவான்," என்றார் ஸ்டார்வெல்.

"தேவைப்பட்டாங்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு," என்றார் மாமா. "முப்பத்திரண்டு வருஷம் பாத்திருக்கேன். கடைசி பெஞ்சுல ஒருத்தன் பேசாமயே இருப்பான். நல்ல பையன்னு நெனச்சுக்கிட்டே இருப்போம். ஒருநாள் ஜன்னல் வழியா குதிச்சு ஓடிருப்பான்."

காங் பிலிந்தா சிரித்தாள். தெய்போர் ஜன்னலைப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது.

"சரி," என்றார் மாமா. "மத்ததெல்லாம் அப்புறம். மொதல்ல இவன் கொண்டுவந்ததைக் கேப்போம்."

பெட்டியைச் சுற்றி வந்தார். பலகையில் விரல் முட்டியால் தட்டினார். மூலைகளைத் தடவினார். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்ததைத் தெய்போர் பார்த்தான். அவனுக்குள் ஏதோ இளகியது. பிறகு மாமா ஆம்பின் பின்பக்கம் குனிந்தார். ஏற்கெனவே அவருடைய பெட்டியின் ஒயர் செருகியிருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை இருந்தது. புதுப் பெட்டியின் ஒயரை எடுத்து அதில் செருகினார்.

"ரெண்டையுமா?" என்றாள் அக்கா.

"வந்த பொருள ஓரமா வெச்சு வேடிக்கை பாக்கற பழக்கம் இந்த வீட்ல என்னிக்கு இருந்துது? நம்ம பெட்டி ஒண்ணு, அவங்க பெட்டி ஒண்ணு. ரெண்டும் சேந்து பாடட்டும். அதுதான் மரியாதை."

"பிரமாதம்!" என்றார் ஸ்டார்வெல். தன் பேச்சில் வந்த இரண்டு ஓடைகளை மாமா கண்ணெதிரே சேர்த்துவைத்துவிட்டதாக அவருக்கு ஒரே சந்தோஷம்.

தெய்போர் அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டும் சேர்ந்தது அல்ல காரணம். சேரலாம், தாராளமாகச் சேரலாம். ஆனால் மாமா அடுத்து என்ன செய்யப் போகிறார் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மாமா தன் பெட்டியின் முதுகைப் பார்த்தார். "என்னோடது எட்டு." புதுப் பெட்டியின் முதுகைப் பார்த்தார். "அவனோடது எட்டு. பாத்தியா காங், பொருத்தம்! எட்டும் எட்டும் பதினாறு." சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் எடுத்தார். ஆம்பின் பின்னால் ஒரு சின்னத் திருகு. அதைச் சுற்றி நாலு, எட்டு, பதினாறு என்று மூன்று எண்கள். திருகின் வெட்டில் நாணயத்தை வைத்து, எட்டிலிருந்து பதினாறுக்குத் திருப்பினார். நாற்பது வருடப் பழக்கத்தோடு, பூட்டைத் திறப்பதுபோல் அழகாகத் திருப்பினார்.

தெய்போர் தேநீரைக் கீழே வைத்தான்.

அந்தப் பெட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சேரவில்லை. பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்திருக்கின்றன. மின்சாரத்துக்கு ஒரு வழி இருந்த இடத்தில் இரண்டு வழி. தடை கூடாது, பாதியாகும். எட்டும் எட்டும் சேர்ந்து இப்போது நாலு. ஆனால் ஆம்புக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரிடம் எதிரே பதினாறு இருப்பதாகச் சொல்லியாயிற்று. அந்த டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்டார்வெல் மாதிரி ஒரு தூதர்தான் என்று அவனுக்குத் தோன்றியது. வால்வுகள் சொல்வதை ஸ்பீக்கருக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் ஆள். எதிர் வீட்டில் இருப்பது யார் என்று தப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டால், தூதர் என்ன செய்வார்? வால்வுகள் தாங்க முடியாத அளவு வேலை செய்யும். சூடாகும். சிவக்கும். பழைய ஆம்ப், கொஞ்ச நேரம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். அந்த வால்வுகள் போனால் இந்த ஊரில் கிடைக்காது. எழுதிப் போட்டு, வந்து சேர ஒரு மாதம் ஆகும். டிரான்ஸ்ஃபார்மரே போனால் அதுகூட இல்லை.

மாமாவின் உயிரான அந்த ஆம்ப், அவன் பெட்டியை மாட்டிய அன்றைக்கே, பெண் கேட்டு வந்த அன்றைக்கே, எல்லோர் முன்னாலும் புகைந்து போகும். அதற்கப்புறம் காலண்டரில் இல்லாத அந்த வருடம்தான்.

அவன் ஸ்டார்வெல்லின் காதருகே சாய்ந்தான். "ரெண்டும் சேந்தா பதினாறு இல்ல, நாலு. திருகை நாலுக்கு மாத்தச் சொல்லுங்க. இல்லேன்னா ஆம்ப் எரிஞ்சிடும்."

"என்னது நாலு?"

"எட்டும் எட்டும்."

"அவர் கணக்கு வாத்தியார்டா!"

"சொல்லுங்க பாஹ்."

ஸ்டார்வெல் எழுந்து நின்றார். ஒன்பது கல்யாணத்தின் அனுபவமும் அவர் முகத்தில் திரண்டது. "பாஹ் பிரெம்லி, காங் பிலிந்தா. எங்க பையன் ஒரு நுட்பமான விஷயத்த உங்க காதுல போடச் சொல்றான். அதாவது... ரெண்டு நல்ல குடும்பம் ஒண்ணாச் சேரும்போது, நாம ரெண்டு மடங்கு ஆகும்னு நெனப்போம். ஆனா உண்மையில பாதியாக் கொறைஞ்சிடும்."

கணப்பில் ஒரு கட்டை வெடித்தது. காங் பிலிந்தாவின் கன்னத்தில் பாக்கு நகர்வது நின்றது.

"யார் பாதியாக் கொறையறது?" என்றாள்.

"குடும்பம் இல்ல காங், எண்ணு. எட்டும் எட்டும் சேந்தா நாலுன்னு பையன் சொல்றான்."

மாமா கண்ணாடிக்கு மேலாகத் தெய்போரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கடைசி பெஞ்சைப் பார்க்கிற பார்வை.

"பாஹ் ஸ்டார்வெல்," என்றார் நிதானமாக. "முப்பத்திரண்டு வருஷத்துல ஐயாயிரம் பசங்களாவது என்கிட்ட படிச்சிருப்பாங்க. எட்டும் எட்டும் பதினெட்டுன்னு சொன்னவன் இருக்கான். எண்பத்தெட்டுன்னு எழுதினவன் இருக்கான், அவன் இப்ப எம்.எல்.ஏ. ஆபீஸ்ல இருக்கான். நாலுன்னு சொன்னவன் இவன் ஒருத்தன்தான்."

காங் பிலிந்தா மறுபடி சிரித்தாள். ஸ்டார்வெல்லும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "இனிமே ஒரு வார்த்தை சொன்னே, நான் படியிறங்கிப் போயிடுவேன்."

மாமா ஆம்பைப் போட்டார். வால்வுகள் சூடேறக் காத்திருந்தார். பிறகு வாசித்தார்.

நல்ல கை. அதைத் தெய்போர் முதல் ஸ்வரத்திலேயே ஒப்புக்கொண்டான். ஆனால் சத்தம் வரவில்லை. வந்தது, அடைத்த மூக்கோடு ஒருவர் பாடுவதுபோல் வந்தது. மாமா புருவத்தைச் சுருக்கினார். குமிழைத் திருப்பினார். இன்னும் திருப்பினார்.

"நேத்து ஒரு பெட்டியில இதைவிட நல்லா கேட்டுதே," என்றாள் அக்கா. "எதிர்வீட்டு நாய் குரைச்சுது. இன்னிக்கு அது எட்டிக்கூடப் பாக்கல."

"இவனோட பெட்டி சத்தத்தைத் தின்னுது," என்றார் மாமா. குமிழ் கடைசி வரை போனது.

தெய்போர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஆம்பின் பின்பக்கக் கம்பிவலை தெரிந்தது. உள்ளே வால்வுகள். அவை எப்போதும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திரியைப்போல் மின்னும். அது அவனுக்குப் பிடித்த காட்சி. இப்போது ஒரு வால்வில் திரி அல்ல, சுற்றியிருந்த தகடே மங்கலாகச் சிவக்கத் தொடங்கியிருந்தது. அடுப்பில் வைத்த தோசைக்கல் அடியில் சிவக்குமே, அந்தச் சிவப்பு.

மாமா வாசிப்பதை நிறுத்தவில்லை. ஒரு கையால் தந்தியை அதிரவிட்டுக்கொண்டே மறுகையைப் பின்னால் நீட்டினார். "இந்த ரெண்டு ஒயரையும் உருவிட்டு, மாத்திச் செருகிப் பாக்கறேன்."

இரண்டையும் உருவினால் ஆம்புக்கு எதிரே ஒன்றுமே இருக்காது. முழு வேகத்தில் ஓடும் வால்வு ஆம்புக்கு அதைவிடப் பெரிய கேடு கிடையாது.

"அணைங்க!"

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெய்போருக்கே ஒரு கணம் விளங்கவில்லை. அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். தேநீர்க் கோப்பை கவிழ்ந்து பாயில் உருண்டது. எதிர்வீட்டு நாய் குரைத்தது.

மாமாவின் கை தானாக மின் பொத்தானுக்குப் போய் அதை அணைத்தது. முப்பத்திரண்டு வருடம் மற்றவர்களுக்கு உத்தரவு போட்டவர். இவ்வளவு திட்டமான உத்தரவு ஒன்று வந்ததும் உடம்பு கீழ்ப்படிந்துவிட்டது.

கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஸ்டார்வெல் கண்களை மூடிக்கொண்டார். பத்தாவது கல்யாணம் அந்த மூடிய கண்ணுக்குள் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது. சமையலறை வாசலில், கையில் மாவுக் கரண்டியோடு ரிதாலின் வந்து நின்றாள்.

"யார் கத்தினது?" என்றாள்.

"உன் ஆளுதான்," என்றாள் அம்மா.

"பொய் சொல்லாத மெய். ஒன்றரை வருஷத்துல நானே கேட்டதில்ல."

தெய்போருக்கு மௌனங்களில் வகை தெரியும். வேலையில் மூழ்கிய மௌனம் உண்டு. இரண்டு பேர் மழையைக் கேட்கும் மௌனம் உண்டு. இது வேறு. இது அவன் முறைக்காகக் காத்திருக்கும் மௌனம். இதற்குள் அவனால் ஒளிந்துகொள்ள முடியாது. ஸ்டார்வெல்லைப் பார்த்தான், அவர் கண் திறக்கவில்லை. தூதர் போய்விட்டார். இனி நேராகத்தான் பேச வேண்டும்.

ஆனால் இந்த மனிதரிடம் போய், நீங்கள் கூட்டியது தப்பு என்று எப்படிச் சொல்வது? தன் பள்ளிக்கூட நாட்கள் ஞாபகம் வந்தன. கணக்குப் புத்தகத்தில் எப்போதும் நிரம்பிக்கொண்டோ காலியாகிக்கொண்டோ இருந்த அந்தத் தொட்டி.

"மாமா," என்றான். அவரை அப்படி அழைக்க அவனுக்கு இன்னும் உரிமை வந்திருக்கவில்லை. "ஒரு கணக்கு கேக்கலாமா?"

"என்கிட்டயா?"

"ஒரு தொட்டி. நெறைய தண்ணி இருக்கு. ஒரு குழாயத் திறந்தா எட்டு மணி நேரத்துல காலியாயிடும். பக்கத்துல அதே மாதிரி இன்னொரு குழாய். அதை மட்டும் திறந்தா அதுக்கும் எட்டு மணி நேரம். ரெண்டையும் ஒண்ணாத் திறந்தா?"

"நாலு," என்றார் மாமா. யோசிக்கவே இல்லை. பல் தேய்ப்பதுபோல் தினமும் செய்த கணக்கு. "ஆறாங் கிளாஸ். பயிற்சி ஒன்பது. இதையா என்கிட்ட..."

வாய் திறந்தபடியே நின்றது.

அவர் மெல்ல ஆம்பைப் பார்த்தார். அதன் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் செருகியிருந்த இரண்டு ஒயர்களைப் பார்த்தார். தன் பெட்டியைப் பார்த்தார், எட்டு. புதுப் பெட்டியைப் பார்த்தார், எட்டு. அவருடைய ஆட்காட்டி விரல் முழங்கால் மேல் எதையோ எழுதியது; ஒன்றின் கீழ் எட்டு, கூட்டல், ஒன்றின் கீழ் எட்டு. கோடு போட்டது. தெய்போர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். மழை வலுத்து, பிறகு குறைந்தது. அவன் அவசரப்படுத்தவில்லை. ஆம்பும் ஆற வேண்டும்.

"பெட்டி தொட்டி இல்ல," என்றார் மாமா கடைசியில், தனக்குத்தானே.

"இல்ல."

"பெட்டி குழாய்."

"ஆமா மாமா."

"எட்டுங்கறது அது போடற சத்தம் இல்ல. அது விடற வேகம்... இல்ல, விட மறுக்கற அளவு."

"ஆமா."

"ரெண்டு குழாயத் திறந்துவிட்டுட்டு, சொட்டுச் சொட்டாத்தான் விழும்னு இது தலையில எழுதி வெச்சிருக்கேன்." ஆம்பின் மேல் கையை வைத்தார், சூடு தாங்காமல் எடுத்தார். காய்ச்சல்காரக் குழந்தையைத் தொட்ட முகம். "எரிஞ்சிருக்குமா?"

"இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியாது. இப்ப ஒண்ணும் ஆகியிருக்காது. ஒரு வால்வு மட்டும் லேசா செவந்துச்சு. ஆறட்டும்."

"நான் ரெண்டு ஒயரையும் உருவியிருந்தா?"

தெய்போர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை மாமா நன்றாகப் புரிந்துகொண்டார்.

"காங்," என்றார் அக்காவிடம். "ஆப்பம் கொண்டு வா. கால் மணி நேரம் யாரும் இதைத் தொடக் கூடாது."

ஆப்பமும் கறுப்பெள்ளு போட்ட பன்றிக்கறியும் வந்தன. ஸ்டார்வெல் ஒரு கண்ணைத் திறந்து, கறியைப் பார்த்து, மறு கண்ணையும் திறந்தார். மாமா சாப்பிடவில்லை, ஒரு பழைய உறையின் பின்னால் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். "ரெண்டு பதினாறு சேந்தா எட்டு. சரியா?"

"சரி."

"ஒரு எட்டும் ஒரு பதினாறும்?"

"அஞ்சரைக்குக் கொஞ்சம் கீழ. ஆனா அப்படிச் சேக்காதீங்க. சின்ன எண்ணுள்ள பெட்டிதான் அதிகமா இழுத்துக்கும்."

"அஞ்சு புள்ளி மூணு மூணு," என்றார் மாமா. "கொஞ்சம் கீழன்னு எழுதினா நான் அரை மார்க்கூடப் போட மாட்டேன்." ஆனாலும் அந்த உறையில் அவர் போட்ட டிக் அடையாளத்தைத் தெய்போர் பார்த்தான்.

ஆறியதும் மாமாவே எழுந்து போனார். தெய்போர் எழவில்லை, எழக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, திருகில் வைத்து, மின்சாரம் அணைந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, பதினாறிலிருந்து எட்டைக் கடந்து நாலுக்குத் திருப்பினார். இரண்டு ஒயர்களும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று அழுத்திப் பார்த்தார். குமிழைக் கீழே இறக்கினார். பிறகு போட்டார்.

முதல் தந்தி.

ஜன்னல் கண்ணாடி முழுவதும் கலகலத்தது. பிளாஸ்டிக் பூக்கள் ஆம்பின் மேலிருந்து தாமாகவே நடந்து வந்து கீழே விழுந்தன. காங் பிலிந்தா காதைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னாள், யாருக்கும் கேட்கவில்லை. எதிர்வீட்டு நாய் குரைத்தது, அடுத்த தெருவில் இன்னொன்று பதில் சொன்னது. கீழ் வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: "பாஹ் பிரெம்லி! மலை சரியுதா, நீங்களா?"

"நான்தான்!" என்று கத்தினார் மாமா. இருபது வயது குறைந்திருந்தது அவருக்கு. "ரெண்டு பெட்டி!"

ஒரு முழுப் பாட்டு வாசித்தார். அந்தக் காலத்தில் அவர் குழு மைதானத்தில் வாசித்த பாட்டாம்; நடுவில் ஒரு இடம் மறந்துபோய் அதே வரியை மூன்று தடவை வாசித்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. முடித்ததும் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

ஸ்டார்வெல் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். விட்ட இடம் அவருக்கு ஞாபகம் இருந்தது. "அந்த ரெண்டு ஓடையும்..."

"ஓடை போதும் பாஹ். உக்காருங்க, கறி ஆறுது." மாமா தெய்போர் பக்கம் திரும்பினார். "இந்த வீட்ல நான் பேசுவேன். அக்கா பேசுவா. என் மருமகளும் பேசுவா, உன்கிட்ட எப்படியோ தெரியாது. மூணு பேரும் ஒரே நேரத்துல பேசுவோம். நாலாவதா வர்றவனும் பேசறவனா இருந்தா என்ன ஆகும்?"

தெய்போர் யோசித்தான். "வால்வு செவந்துரும்."

மாமா சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டிவரும் அளவுக்குச் சிரித்தார். "காங், டிசம்பர்ல சர்ச் எந்த சனிக்கிழமை காலியா இருக்குன்னு கேட்டு வை. அடுத்த வருஷம் எல்லாம் வேண்டாம்."

காங் பிலிந்தா வெற்றிலைத் தட்டை எடுத்துவந்து, முதல் பாக்கைத் தெய்போரின் கையில் வைத்தாள். "கத்தும்போது மட்டும் முன்னாடியே சொல்லு தம்பி. என் நெஞ்சு தாங்காது."

ரிதாலின் கரண்டியை இன்னும் கீழே வைக்கவில்லை. அதன் நுனியிலிருந்து மாவு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் இப்போது அவனைப் பார்த்தாள், எல்லோர் முன்னாலும், நேராக. அவனும் பார்த்தான். சொல்ல ஒன்றும் இல்லை, நன்றாக இருந்தது.

அதற்குள் கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்துவிட்டார். மாமா அவரை உள்ளே இழுத்து ஆம்பின் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "எட்டும் எட்டும் எவ்ளோ சொல்லுங்க பாப்போம்? பதினாறுன்னு சொல்வீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நான் சொல்றேன் கேளுங்க, ஒரு தொட்டி இருக்குன்னு வெச்சுக்குவோம்..."

தெய்போர் பாக்கை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கண் மட்டும் ஆம்புக்கும் மாமாவின் பழைய பெட்டிக்கும் நடுவே போன ஒயரில் நின்றது. அது ஸ்பீக்கர் ஒயர் இல்லை. கிடாருக்குப் போடுகிற மெல்லிசு ஒயர். இந்தச் சத்தத்துக்கு அது ரொம்ப நாள் தாங்காது. அது அறுந்தால் மாமாவின் பெட்டி ஊமையாகும், திருகின் கணக்கும் மறுபடி தப்பாகும்.

"மாமா," என்றான்.

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். ஸ்டார்வெல் கையில் எடுத்த கறித்துண்டு வாய்க்குப் போகாமல் நின்றது.

"அந்த ஒயரு..."

"இன்னிக்கு ஒரு பாடம் போதும்," என்றார் மாமா. பிறகு, ஒயரை ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டு, கையை நீட்டி ஆம்பை அணைத்தார். "சரி, சொல்லு."